கிளட்ச் கால்

பதினெட்டு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு, உட்கார்ந்து வேலை பார்க்க ஆசை வந்தால் அதில் என்ன தப்பு? ஆனால் அவள் உட்கார ஆசைப்பட்ட இடம் டிரைவர் சீட். அதனால் டிப்போவில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல், மீதிப் பேருக்கு வேடிக்கை.

அவளை எல்லோரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற கண்டக்டர்கள் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊதுவார்கள். இவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தால், எத்தனை நெரிசலிலும் டிரைவரின் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

கண்டக்டர்கள் டிரைவராக மாறுவதற்கு வருடத்தில் ஒரே ஒரு தேர்வு. நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் அதற்குப் பெயர் கொடுக்க முடியாது. முந்தைய வருடம் அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, பின்னால் எடுக்கும்போது கடைசிக் கூம்பைத் தட்டிவிட்டாள். அந்த ஆரஞ்சுக் கூம்பு உருண்டுபோன சத்தம் ஆறு மாதம் அவள் காதிலேயே இருந்தது. இந்த வருடம் அவளுக்கு நாற்பத்து நான்கு வயதும் பதினோரு மாதமும். இதை விட்டால் பிறகு சாகும்வரை நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

கணவரும் அதே டிப்போவில் டிரைவர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். பெண்டாட்டி பஸ் ஓட்டினால் தன் மானம் போய்விடும் என்று நினைக்கிற ரகம் இல்லை. "இவ ஓட்டினா நான் பின்னாடி சீட்டுல படுத்துத் தூங்குவேன்யா" என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டு திரிவார். அதைக் கேட்டு அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். வெளியில், "தூங்கறதுக்கு ஒரு சாக்கு" என்பாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. வராமல் என்ன செய்யும்? அவள் போகும் வழித்தடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மறுமுனையில் இருக்கும் கழிப்பறையின் சாவி எதிர்க்கடைக்காரரிடம் இருக்கும். கடைக்காரர் எங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஆண்களுக்கு என்ன கவலை, சுவர் இல்லாத ஊர் உண்டா? பெண் கண்டக்டர்கள் கண்டுபிடித்த ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வாயை நனைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தடவை கடுப்போடு காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து வந்ததால், அவள் டிப்போ டாக்டரிடம் போனாள். டயர் கிடங்கை ஒட்டி இரண்டு சின்ன அறைகள். வாரத்தில் மூன்று நாள் வருவார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓட்டத் தகுதி உண்டு, இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவரும் அவரேதான். அதனால் டிப்போவில் ஆளுக்கு இரண்டு டாக்டர். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் இவர். ஃபைலில் ஏறினால் பிழைப்புக்கு ஆபத்து என்கிற சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு டாக்டர். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு டிக்கெட் கிழிக்கக் கற்றுத் தருவதற்கு முன்பே இதைக் கற்றுத் தந்துவிடுவார்கள்.

அவளுக்கும் வெளி டாக்டர் ஒருவர் இருந்தார். மூன்று வருடமாக அவளுக்கு இளைப்பு. டீசல் புகையும் தூசியும் சேர்ந்தால் மூச்சு பிடித்துக்கொள்ளும். பத்து நாளைக்கு முன்னால் அது கொஞ்சம் மோசமாகி, அவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். தினம் காலையில் சாப்பிட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அந்த அட்டை அவளுடைய டிக்கெட் பையின் அடியில், ஒரு சின்ன டப்பாவுக்குள் இருந்தது. கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டிப்போ டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சர்க்கரை, பிரஷர், இளைப்பு?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

கண் இமைக்காமல் சொன்னாள். டாக்டர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைக் காலை ஒன்று மாலை ஒன்றாக எழுதினார். பாலோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கடும் வெயிலில் நிற்காதீர்கள் என்றார். படபடப்பு வந்தாலும், தூக்கம் கெட்டாலும், கை கால் மரத்துப்போனாலும் சொல்லுங்கள் என்றார். கடைசியாக, "குதிகால், தோள்பட்டை, எங்கயாவது நரம்பை இழுத்துப் பிடிச்ச மாதிரி வலிச்சா மாத்திரையை நிறுத்திட்டு உடனே வாங்க" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது வெளியே பயிற்சி பஸ்ஸின் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்துவிட்டாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னதை மட்டும் நினைத்துப் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே போனாள்.

பயிற்சி தினமும் சாயங்காலம் டிப்போவின் பின்பக்கம் நடக்கும். அதற்கென்று ஒரு கிழட்டு பஸ். அதன் கிளட்ச் பெடல் அவ்வளவு லேசில் இறங்காது. பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் கியர்பாக்ஸ் என்பார்கள், அவர் தொண்டை அப்படி.

"அக்கா, எறும்பை மிதிக்கிற மாதிரி மிதிக்காதீங்க. முழுசா, தரை வரைக்கும்!"

இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது, கடுப்பும் குறைந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று அவளுக்கு ஏகத் திருப்தி. ஐந்தாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியபோது, இடது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், யாரோ உள்ளிருந்து இழுத்தது போல ஒரு வலி. நாலு அடி நடந்ததும் கொஞ்சம் விட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மத்தியானம் கேன்டீனில் தட்டோடு நொண்டி நடந்ததை ஒரு டிரைவர் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, இங்க பாருங்க! அக்காவுக்குக் கிளட்ச் கால் வந்துடுச்சு!"

கேன்டீனே கைதட்டியது. டிப்போக்காரர்களுக்கு இடது குதிகால் வலி ஒரு பதக்கம் மாதிரி. நாள் முழுக்கக் கிளட்ச் மிதித்து மிதித்து வருவது. அது வந்தால்தான் ஆள் டிரைவர், அது வந்தவர்கள் தேர்வில் தோற்றதே இல்லை என்று ஒரு பேச்சு. யார் சரிபார்த்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கியர்பாக்ஸே எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக டிரைவர்கள் மேஜையில் அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால் அல்ல.

வீட்டில் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. பேன்ட்டைச் சுருட்டித் தன் இடது காலைக் காட்டினார். "என்னோடது மூணாவது மாசத்துலதான் வந்துச்சு. உனக்குப் பயிற்சி ஆரம்பிச்ச எட்டே நாள்ல!" பிறகு எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அதோடு விட்டாரா? வாசற்படியில் முன்காலை ஊன்றி, குதிகாலைக் கீழே தொங்கவிட்டு, ஏறி இறங்கச் சொன்னார். முப்பது தடவை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

"நல்லா இழுக்குதா?"

"இழுக்குது."

"அப்போ சரியாகுதுன்னு அர்த்தம்."

அந்த மனுஷருக்குப் பெண்டாட்டி மேல் பாசம் மலையளவு. மருத்துவ ஞானம்தான் கடுகளவு.

ஏழாம் நாள் வலி நடந்தாலும் விடவில்லை. வேலை முடிந்து, வலிக்கு ஏதாவது தடவ வாங்கலாம் என்று வெளி டாக்டரின் கிளினிக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "எதுக்கு வலி? விழுந்தீங்களா?" என்றார்.

"இல்லம்மா. டிரைவர்களுக்கு வர்றதுதான். கிளட்ச் மிதிக்கிறதால."

"எந்தக் கால்?"

"இடது."

"வலது கால் நல்லா இருக்கா?"

வலது காலும் வலித்தது. இடது அளவுக்கு இல்லை, ஆனால் அதே இடத்தில், அதே மாதிரி. இரண்டு நாளாக அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பஸ்ஸின் பிரேக் காற்றில் இயங்குவது, தொட்டால் போதும். ஆக்சிலேட்டருக்குக் குதிகால் தரையிலேயே ஊன்றியிருக்கும். வலிப்பதற்கு வலது காலுக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

"இப்போ வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

மருந்துக்கடையில் யாரும் ஃபைல் வைப்பதில்லை. அதனால் உண்மை தானாக வந்தது. டிக்கெட் பைக்குள் கையை விட்டு இரண்டு அட்டைகளையும் எடுத்துக் கவுன்டரில் வைத்தாள். அந்த அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ரெண்டும் சேர்ந்து போகுதுன்னு டாக்டருக்குத் தெரியுமா?"

"இவருக்கு அது தெரியாது. அவருக்கு இது தெரியாது."

"நல்லா இருக்கு போங்க." கோபமாகத்தான் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். "இங்க பாருங்கம்மா. இந்தக் கிருமி மாத்திரை ஒரு குடும்பம், நாலஞ்சு பேர்ல வரும். லட்சம் பேர் சாப்பிடறாங்க, பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. சில பேருக்குக் குதிகால் நரம்பைப் பிடிச்சுக்கும். ஸ்டீராய்டும் கூட சேர்ந்தா அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அப்படிப் பிடிச்ச காலை வெச்சு அழுத்தினா நரம்பு அறுந்தே போகலாம். இனிமே இதைச் சாப்பிடாதீங்க. இளைப்பு மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற வம்பு. கிருமி மாத்திரை எழுதின டாக்டரை உடனே பாருங்க."

"டிப்போ டாக்டர் நாளைக்குத்தான் வருவார்."

"அப்போ அதுவரைக்கும் காலுக்கு வேலை கொடுக்காதீங்க. தேய்க்கறது, இழுக்கறது எதுவும் வேண்டாம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தேர்வுக்கு மூன்று நாள்.

வீட்டில் சொன்னதும் கணவர் குதித்தார். "மாத்திரை வாய் வழியா வயித்துக்குப் போகுது. அங்கேர்ந்து குதிகாலுக்குப் போறதுக்கு அதுக்கு வழி தெரியுமா? இருபத்திரண்டு வருஷமா எனக்கு வலிக்குது, அறுந்தா போச்சு?"

"உங்களுக்கு வலது கால் வலிச்சுதா?"

"இல்ல," என்றார். உடனே, "இன்னும் மூணே நாள்தான். தேர்வு மொத்தமே இருபது நிமிஷம். எத்தனை தடவை மிதிக்கப் போறே? முப்பது தடவை? அதுக்கப்புறம் ஒரு மாசம் காலை நீட்டிப் படு, நான் சமைச்சுப் போடறேன்" என்றார்.

அவளும் மனதுக்குள் அதையே எண்ணிக்கொண்டிருந்தாள். கிளம்ப, கியர் மாற்ற, நிறுத்த, மேட்டில் நிறுத்தி எடுக்க, பின்னால் எடுக்க. முப்பதுகூட வராது. இருபத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில், அவர் சொல்வது சரியாக இருக்க வேண்டுமே என்று அவள் மனசார வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் காலையில் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருந்த டப்பாவை எடுக்க இடது காலை ஊன்றி எம்பினாள். குதிகால் தரையை விட்டு எழும்பவில்லை. வலி ஒரு பக்கம், காலுக்கு பலமே இல்லாதது இன்னொரு பக்கம். அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிப்போ டாக்டர் அவளைக் குப்புறப் படுக்கச் சொல்லி, கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார். பாதம் கொஞ்சம் அசைந்தது. "அறுந்து போகலை. நல்ல வேளை" என்றார். குதிகாலுக்கு மேலே விரலை வைத்ததும் அவள் கத்திவிட்டாள். அங்கே தடித்து வீங்கியிருந்தது. கெண்டைக்காலையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு அது, அதற்குத் தசைநாண் என்று பெயர், நடப்பது, ஏறுவது, மிதிப்பது எல்லாம் அதை நம்பித்தான் என்று விளக்கினார்.

"தேர்வெல்லாம் இப்போ முடியாது. கிளட்ச்சை ஒரு தடவை பலமா மிதிச்சாக்கூடப் போயிடலாம். காலுக்கு ஸ்கேன் எடுக்கணும். உடம்பு காரணம்னு நான் லெட்டர் கொடுத்தா தேர்வைத் தள்ளி வைப்பாங்க, வயசு தாண்டினாலும் ஒரு வாய்ப்பு தருவாங்க. விதியில இடம் இருக்கு."

அவளுக்குப் போன உயிர் வந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. "உங்க வயசுல, ஆறு நாள் மாத்திரையில இவ்வளவு பிடிக்கிறது அபூர்வம். ரெண்டு காலும் வேற. இன்னொரு தடவை கேக்கறேன். வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? அது தெரியாம அடுத்த மருந்து எழுத எனக்குப் பயமா இருக்கு."

இல்லை என்று சொன்னால் போதும். லெட்டர் கையில் கிடைக்கும். கால் தேறும். ஆறு மாதம் கழித்து அதே சீட்டில் உட்காரலாம். வாய் வரை வந்துவிட்டது அந்த வார்த்தை.

போன மாதம் ஒரு நாள் அவள் நினைவுக்கு வந்தது. நெரிசலான பஸ்ஸில் மூச்சு பிடித்துக்கொண்டு, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டும் வரை அவளால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, சீழ்க்கையும் அடிக்க முடியவில்லை. இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வேறு ஒருவர். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டிக்கெட் பையின் அடியிலிருந்து இளைப்பு மாத்திரை டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். "முதல் நாளே சொல்லியிருந்தா இந்த மாத்திரையை நான் கொடுத்திருக்கவே மாட்டேன்."

"முதல் நாளே சொல்லியிருந்தா நீங்க ஃபைல்ல எழுதியிருப்பீங்க."

"ஆமா. எழுதியிருப்பேன்."

இருவரும் சொன்னது நிஜம். அதற்குமேல் சண்டை போட ஒன்றும் இல்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லை. எழுதாமல் விட்டுவிடுங்கள் என்று அவள் கெஞ்சியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ, அது அவளுக்குத் தெரியாது. அவள் கெஞ்சவில்லை.

"எழுதுங்க டாக்டர்," என்றாள்.

ஸ்கேனில் இடது தசைநாணின் இழைகள் பாதிக்குமேல் கிழிந்திருந்தன. முழங்கால் வரை வரும் கனமான காலணி ஒன்றை மாட்டிவிட்டார்கள், ஆறு வாரத்துக்கு. நீர்க்கடுப்புக்கு வேறு குடும்பத்து மாத்திரை கொடுத்தார்கள், ஐந்து நாளில் சரியாகிவிட்டது. அந்தப் பழைய மாத்திரைக் குடும்பத்தின் பெயரை டாக்டர் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் காட்டுங்கள் என்றார். நிறுத்திய பிறகும் சில மாதம் வரை கால் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றார். கணவர் அந்த ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "படியில ஏறி இறங்கச் சொன்னேனே, பாவி" என்று அழுதார். அழட்டும் என்று அவளும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டாள்.

மூன்றாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நாலே வரி. காலைக் காரணம் காட்டித் தேர்வைத் தள்ளி வைக்கலாம். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் அடங்காத இளைப்பு இருப்பதாகப் பதிவாகியிருப்பதால், கனரக வாகனம் ஓட்ட அனுமதி இல்லை. கண்டக்டர் பணியில் தொடரலாம். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே நாலு வரிதான் வந்திருக்கும். காலாவது கிழியாமல் இருந்திருக்கும்.

அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் ஸ்கேன் எடுத்த இடத்துக்கு இன்னொரு ஸ்கேனுக்காகத் தனியாகப் போனாள். திரும்பும்போது வேறு டிப்போ பஸ் ஒன்று வந்தது. ஏறி, டிரைவருக்குப் பின்னால் பக்கவாட்டு சீட்டில் கனத்த காலை நீட்டி உட்கார்ந்தாள். அங்கிருந்து டிரைவரின் இடது கால் நன்றாகத் தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கால் மிதிப்பதையும் விடுவதையும் பார்த்துக்கொண்டே வந்தாள். தப்பித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? நெஞ்சு எரிந்தது.

பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. டிரைவர் பிரேக்கைப் பிடிக்காமல், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே பஸ்ஸை மேட்டில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எரிந்த வாடை வரத் தொடங்கியது. அவளும் எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள்.

"தம்பி, பாதிக் கிளட்ச்சுல நிக்காதீங்க. தட்டு தேஞ்சு போயிடும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டுக் காலை எடுங்க. முன்னாடி நகர்ந்ததும் மெதுவா விட்டு எடுக்கலாம்."

அவர் திகைத்துத் திரும்பினார். பிறகு சொன்னபடியே செய்தார். முன்னால் நின்ற வண்டி நகர்ந்ததும், பஸ் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது.

"கரெக்டா சொன்னீங்களே! அக்கா டிரைவரா?"

"இல்லப்பா," என்றாள். "ஆகியிருப்பேன்."